ஒன்றரை மணிக்குப் பென்சிலைத் தூக்கிவிட வேண்டும்

இன்று பக்கம் பதினேழு.
மீனா இலையா கண்ணா என்று பிடிபடாத
இருநூற்றுச் சொச்சம் கட்டங்கள்.
கோட்டுக்குள் கோடு, அதற்குள் குட்டிக் கோடு,
நடுவில் கடுகளவு ஒரு வட்டம்.
வரைந்தவருக்கு என்ன கோபமோ.

பத்து நாளாகக் கிருனாவில் சூரியன் இல்லை.
நண்பகலில் வானம் கொஞ்சம் நீலமாகும்,
யாரோ தூரிகை கழுவிய தண்ணீர் மாதிரி.
பிறகு அதையும் கொட்டிவிடுவார்கள்.

மேசை விளக்கு. தகர டப்பா. இருபத்துநான்கு பென்சில்.
வெள்ளை மட்டும் வாங்கிய நாளின் உயரத்திலேயே நிற்கிறது.
இந்த ஊரில் வெள்ளை யாருக்கு வேண்டும்?

ஹாக்கிப் பையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு
எஸ்கில் கேட்டான்: "தங்கச்சியோடதா?"
எனக்குத் தங்கை இல்லை.
"ஆமா" என்றேன்.

அலமாரியில் சாய்த்த போனில், ஸ்பீக்கரில், இல்வா.
புது நகரத்தில் இருக்கிறாள், மூன்று கிலோமீட்டர் கிழக்கே.
சுரங்கம் ஊரின் அடிவயிற்றைத் தின்றுகொண்டே வருவதால்
தெருத்தெருவாக எங்களை நகர்த்துகிறார்கள்.
அவள் தெரு போன வருடம் போனது.
அதே புத்தகம்தான் அவளிடமும். அதே பக்கம்.

நாங்கள் பேசுவதில்லை.
பேசினால் கணக்குப் பரீட்சை வரும்,
அவளுடைய அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்பது வரும்,
சாப்பாட்டு வேளையில் நான் யாரோடும் உட்காராதது வரும்.
ஆகவே, சரக் சரக்.
அவள் அழுத்தித் தீட்டுகிறவள், எனக்குக் கேட்கும்.
நான் தடவித் தடவி ஏற்றுகிறவன், அவளுக்குக் கேட்காது.
அதனால் நடுநடுவே,
"இருக்கியா?"
"ம்."
அவ்வளவுதான். தோள்கள் காதை விட்டு இறங்குகின்றன.
நாள் முழுக்கத் தூக்கிவைத்திருந்தது
இறக்கும்போதுதான் தெரிகிறது.

அம்மாவுக்கு ராத்திரி ஷிஃப்ட்.
ஒரு கிலோமீட்டருக்கும் கீழே
பாறையில் துளை துளையாக மருந்து நிரப்புவாள்,
ஒன்றுகூட விடாமல், வரிசை மாறாமல்.
"இதுல என்னடா கிடைக்குது உனக்கு?" என்று
என் பக்கங்களைப் புரட்டியவளும் அவள்தான்.

ஆட்கள் எல்லோரும் மேலேறி வந்த பின்
ஒன்றரைக்கு வெடி.
ஊர் தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுக்கும்.
ஜன்னல் முனகும்,
மேசைமேல் டம்ளரும் கரண்டியும் கிணுகிணுக்கும்.
அதற்கு ஒரு நிமிடம் முன்பே
பென்சிலைத் தாளிலிருந்து தூக்கிவிட வேண்டும்.
எங்கள் ஒரே சட்டம்.
அந்த நேரம் போனில் இரண்டு பக்கமும் சத்தமிருக்காது.

இன்று கடுகு வட்டத்துக்குள் இருந்தேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை விடாமல்,
மறந்தே போனேன்.

பச்சை பாய்ந்துவிட்டது.
நான்கு கட்டங்களை,
சாலையைக் கடக்கும் கலைமான் போல
யாரையும் கேட்காமல் கடந்து
ஓரத்தில் போய் நின்றது.

"ச்சே."
"என்ன?"
"கோடு தாண்டிடுச்சு. வெடி. உனக்கு?"

சரக் சத்தம் நின்றது.
"சிக்ஸ்டென், இங்க எனக்கு எதுவும் ஆடறதில்ல.
வந்த நாள்லேர்ந்தே."
"அப்ப தினமும் எதுக்குத் தூக்கறே?"
"நீ தூக்கறேல்ல."
"எப்பன்னு எப்படித் தெரியும்?"
"நீ மூச்சு விடறதை நிறுத்துவே.
அப்புறம் உன் டம்ளர் சத்தம் கேட்கும்.
அப்புறம் நீ விடுவே."

எதைச் சொல்வது என்று தெரியாமல்
ஆரஞ்சைச் சீவினேன். சீவல் சுருண்டு விழுந்தது.
மே மாதம் எங்கள் தெருவுக்கு முறை.
இந்த மேசை அங்கே ஆடாது.

"எந்தப் பக்கமா போச்சு?" என்றாள்.
"வட்டத்துலேர்ந்து இடது. கீழே. நாலு கட்டம்."
"பச்சையா?"
"பாசிப் பச்சை. ஒன்பதாம் நம்பர்."
டப்பாவில் தேடும் ஓசை.
பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, அழுத்தமாக,
ஒரே ஒரு நீளச்
சரக்.

"ம்," என்றாள். "அடுத்த கட்டம் என்ன கலர்?"